அவசர அக்காவும் அரிசித் தாளும்

என் அக்காவோடு ஒரு தடவை உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இரண்டாவது தடவைக்கு ஆசைப்பட்டதில்லை. அசிங்கமாகச் சாப்பிடுவாள் என்று அர்த்தமில்லை. ஒரு பருக்கை சிந்தாமல், விரல் நுனி மட்டும் நனைய, அத்தனை சுத்தமாகச் சாப்பிடுவாள். ஆனால் நாம் முதல் கவளத்தை வாயில் போட்டு, ஏதோ ஊர்வம்பை ஆரம்பித்து, நிமிர்ந்து பார்த்தால் அவள் கை கழுவிவிட்டு வந்து நிற்பாள். "இன்னும் ஆகலையாடா?" என்று ஒரு கேள்வி வேறு. அதற்கு மேல் நமக்குச் சாப்பாடு இறங்குமா?

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிரசவ வார்டில் நர்ஸ். சிஸ்டர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று எந்தக் குழந்தையும் உள்ளே காத்திருக்காது. அங்கே கருவிகளைக் கொதிக்க வைக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. அதில் நின்றுகொண்டே, டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டாக வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். மணி அடித்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். திரும்பி வந்தால் எல்லாம் ஆறி, விறைத்து, வாயில் வைக்க விளங்காது. அதனால் மணி அடிப்பதற்கு முன்பே உள்ளே தள்ளிவிடுவது என்று பழகிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மணி அவள் காதை விட்டுப் போகவில்லை.

வேலையில் மகா கெட்டிக்காரி. வார்டில் அவளுக்குப் 'பொட்டலம் சிஸ்டர்' என்று பெயர். பிறந்த குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றுகிறார்களே, அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்துவாள். இந்த ஓரத்தை இழுத்து அந்தப் பக்கம் செருகு, கால் பக்கத்துத் துணியை மேலே மடி, அந்த ஓரத்தை இழுத்து இந்தப் பக்கம் செருகு. முடிந்தது. முகம் மட்டும் வெளியே தெரியும். கத்திக் கூப்பாடு போட்ட குழந்தை கப்சிப். மற்ற சிஸ்டர்கள் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் ஒரு கை வெளியே வந்து ஆட்டம் போடும். அக்கா சுற்றியது பசி எடுக்கிற வரை அசையாது.

அத்தான் மாரடைப்பில் போனபோது அவர்கள் பெண் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா அழுதாள், முகம் கழுவினாள், வார்டுக்குப் போனாள். யாருக்கு லீவு வேண்டுமானாலும் அந்த டியூட்டியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பெண்ணைப் படிக்க வைத்தாள். அந்தப் பெண்ணும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். போன வருஷம் அவள்தான் எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, தனியா இருக்கறது நிம்மதியா இருக்குன்னு அம்மா சொல்றாங்க. அத்தனையும் பொய். டிவியைச் சத்தமா வச்சுட்டு பாத்ரூம்ல துணி துவைக்கறாங்க. ஏம்மான்னு கேட்டா, வீட்டுல யாராவது பேசற மாதிரி இருக்கட்டும்னு சொல்றாங்க. எனக்கு மனசே கேக்கல. நீங்க யாரையாவது பாருங்க மாமா."

அன்றைக்கு நான் இறங்கினேன் களத்தில். நான் ஒரு விஷயத்தில் இறங்கிவிட்டால் என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிடுவாள். காரணம் இல்லாமல் இல்லை.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி. ஒரு ஹோட்டலில் சந்திப்பு. அவர் தன் முழங்கால் வலியில் ஆரம்பித்து, தன் வீட்டு மாடிப்படி வரைக்கும் வருவதற்குள் அக்கா தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தாள். "சரிங்க, வரட்டுமா?" அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டாமவர் கல்லூரி வாத்தியார், நல்ல மனிதர். அவருக்குச் சாப்பாடு வருவதற்கு முன்பே இவள் சாப்பிட்டாயிற்று. போதாக்குறைக்கு வார்டிலிருந்து போன். "இதோ வர்றேன்!" என்று பறந்துவிட்டாள். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அக்காவுக்கு இஷ்டமில்லைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்று வருத்தப்பட்டார்.

அக்காவிடம் கேட்டால், "பிடிக்கலைன்னு யாருடா சொன்னா? சாப்பிட்டாச்சு. அப்புறம் அங்க உக்காந்து என்ன பண்றது?" என்றாள். பிறகு தானே ஒரு முடிவும் சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு தடவை வர்றேன். அதுவும் சரிப்படலைன்னா இந்தப் பேச்சை நீயும் எடுக்கக் கூடாது, அவளும் எடுக்கக் கூடாது."

அக்கா சொன்னால் சொன்னதுதான். ஆக, கையில் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

அந்த மூன்றாமவரை நான் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு கண்டுபிடித்தேன். சும்மா சொல்லவில்லை. எங்கள் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும். கதவைக் குத்துகிறேன், கத்துகிறேன், வியர்த்து ஊற்றுகிறது. மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், கத்தாதீங்க. கத்தினா லிப்ட் வராது, தொண்டைதான் போகும். காத்து நல்லா வருது, பயமில்ல. அப்படியே தரையில உக்காருங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க."

சொன்னேன். யார் சமைத்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன். நன்றாக இருந்ததா என்றார். உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்துவிட்டது. கையெல்லாம் கிரீஸ், நரைத்த மீசை, அடக்கமான சிரிப்பு. லிப்ட் ரிப்பேர்காரர். அடுத்தடுத்த வாரங்களில் வேண்டுமென்றே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது. ஒரே மகன், கல்யாணமாகித் தனியாக இருக்கிறான். இவரும் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் கிடைத்துவிட்டார்!

ஒரே ஒரு சிக்கல். மனிதர் படு நிதானம். ஒருநாள் அவர் ஆரஞ்சுப் பழம் சாப்பிடுவதைப் பார்த்தேன். தோலை உரித்து, ஒவ்வொரு நாராக எடுத்து, ஒவ்வொரு சுளையாகப் பார்த்து... பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இவர் இலையைத் துடைப்பதற்குள் அக்கா ஏப்பம் விட்டுவிடுவாளே, எப்படி இந்த ஜோடியைச் சேர்ப்பது?

என் பக்கத்து மேசைக்காரர் ஒரு சாப்பாட்டு ராமன். நகரத்தில் அவர் நுழையாத கடை இல்லை. அவரிடம் புலம்பினேன். வேகமாகச் சாப்பிட முடியாத சாப்பாடு எங்காவது கிடைக்குமா?

"வியட்நாம் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார் யோசிக்காமல். "அரிசியில செஞ்ச தாள் ஒண்ணு தருவாங்க, கண்ணாடி மாதிரி. அதைத் தண்ணியில நனைக்கணும், தட்டுல விரிக்கணும், இலை, இறால், நூடுல்ஸ்னு அடுக்கணும், அப்புறம் சுருட்டணும். ஒண்ணு சுருட்டறதுக்குள்ள பாதி ஆயுசு போயிடும். போன தடவை தாள் கிழிஞ்சு என் ரெண்டு கையும் ஒட்டிக்கிச்சு. பக்கத்து மேசைக்காரர் வந்து பிரிச்சு விட்டார்."

அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவருக்குக் காரணம் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்காவுக்கு அன்று லீவு. செருப்புக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது அந்த வியட்நாம் கடை. கண்ணாடிக் கதவு முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் அன்னாசிப்பூவும் பட்டையும் கொதிக்கிற வாசனை ஆளைத் தூக்கியது. பிளாஸ்டிக் உறை போட்ட மேசைகள், தகரக் குவளையில் நிறுத்தி வைத்த சாப்பாட்டுக் குச்சிகள், சிவப்பு மிளகாய்ச் சாறு பாட்டில்கள். கல்லாவில் இருந்த வியட்நாம்கார அம்மா எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

அக்கா இஸ்திரி போட்ட புடவையில் வந்திருந்தாள். காலில் மட்டும் வார்டுக்குப் போடுகிற அதே செருப்பு. ஓடுவதற்குத் தோதாக! எனக்குப் பகீரென்றது. லிப்ட்காரர் முன்பே வந்து காத்திருந்தார். கிரீஸ் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார், விரலெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு பேரையும் சுவரோர மேசையில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு, நானும் என் மனைவியும் இரண்டு மேசை தள்ளி, ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் பதுங்கினோம். அவர்களைப் பார்க்கிற மாதிரி நான் உட்கார்ந்தேன். என் மனைவிக்கு அவர்கள் பக்கம் முதுகு.

"என்னங்க நடக்குது? சொல்லுங்க," என்று அவள் மேசைக்கு அடியில் என் காலை உதைத்தாள்.

"பொறு. தட்டு வருது."

வந்தது. எவ்வளவு பெரிய தட்டு! புதினா, கொத்தமல்லி, பெயர் தெரியாத கருஞ்சிவப்பு இலைகள், மெல்லிசாக நறுக்கிய கேரட், வெள்ளரி, வேக வைத்த இறால், வெள்ளை நூடுல்ஸ். பக்கத்தில் வட்ட வட்டமாக அரிசித் தாள்கள், ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். கடைக்கார அம்மா ஒரு தாளை எடுத்து நனைத்தார், விரித்தார், அடுக்கினார், இரண்டு பக்கமும் மடித்து மூடினார், சுருட்டிக் காட்டினார். அக்கா கண் கொட்டாமல் பார்த்தாள். நான் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டேன். இனி அவளே நினைத்தாலும் அவசரப்பட முடியாது. நனைக்க வேண்டும், விரிக்க வேண்டும், சுருட்ட வேண்டும்...

அக்கா ஒரு தாளை நனைத்து விரித்தாள். கொஞ்சம் நூடுல்ஸ், இரண்டு இலை, மேலே இறால். இந்த ஓரத்தை இழுத்து அந்தப் பக்கம். கீழ்ப்பக்கத்தை மேலே மடி. அந்த ஓரத்தை இழுத்து இந்தப் பக்கம். முடிந்தது. அடுத்த தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னங்க? ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு?"

"போச்சு. எல்லாம் போச்சு."

"என்ன போச்சு?"

"அக்கா சுத்தறா."

"சுத்தினா என்ன? அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தோம்?"

"அடியே, அவ எங்க வேலை பாக்கறா, அதைக் கொஞ்சம் யோசி!"

அவள் யோசித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். உலகத்திலேயே அக்கா எந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாளோ, அதைத் தேடிக் கண்டுபிடித்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன். லிப்ட்காரர் தன் முதல் தாளை இன்னும் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு யோசிக்கிறார். இவள் பக்கம் ஒரு வரிசையே படுத்திருக்கிறது. தாள்கள் தீரப் போகின்றன. கடைக்கார அம்மா கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி ஏதோ குரல் கொடுத்தார். சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த அம்மா அக்காவின் அருகில் வந்து, சுருளின் மேல் முனையைச் சுட்டிக் காட்டி, இப்படி இல்லை என்று தலையை ஆட்டினார். அப்போதுதான் நானும் கவனித்தேன். எல்லாச் சுருளிலும் கீழ்ப்பக்கம் மட்டும் மூடியிருக்கிறது. மேல்பக்கம் திறந்து, ரோஸ் நிறத்தில் ஓர் இறால் வெளியே எட்டிப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் மூட வேண்டும் என்று அந்த அம்மா சைகை காட்டினார்.

"ஐயோ, மூச்சு முட்டிடுமே!" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அதைவிட மோசம், அவள் வலது கை தன்பாட்டுக்குக் கடைசிச் சுருளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகம் குப்பென்று சிவந்துவிட்டது. நான் பூந்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய என் அக்கா, பெண் பார்க்க வந்தவர் முன்னால் இறாலைத் தூங்க வைக்கிறாள். இனி யார் வந்து என்ன செய்ய?

லிப்ட்காரர் சிரிக்கவில்லை. தன் தாளைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க."

அக்கா ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே வாய் முந்திக்கொண்டது. "தலையைப் பிடிச்சுக்குங்க."

"பிடிச்சுட்டேன்," என்று அவர் வெகு பத்திரமாக வாங்கி, முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். "ஆணா, பொண்ணா?"

அக்கா சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது. சின்ன வயதில் வீடு முழுக்க அந்தச் சிரிப்புதான் கேட்கும். "யாருங்க, அண்ணியா சிரிக்கறாங்க?" என்று என் மனைவி கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"சாப்பிட மனசே வரலைங்க," என்றார் அவர்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. வரிசையில இன்னும் எத்தனை பேர் இருக்காங்க பாருங்க."

அதற்குப் பிறகு பேச்சு ஓடியது. வார்டில் இரட்டைக் குழந்தை பிறந்தால் எது மூத்தது என்று குழம்பிப்போகிற அப்பாக்களைப் பற்றி அக்கா சொன்னாள். லிப்டில் மாட்டிக்கொண்டு, பழைய சண்டை, புதுச் சண்டை எல்லாவற்றையும் உள்ளேயே போட்டுத் தீர்த்துக்கொண்டு, கதவு திறந்ததும் கைகோத்துப் போன புருஷன் பெண்டாட்டியைப் பற்றி அவர் சொன்னார். கிண்ணங்களில் சூப் வந்தது, அதில் போட்டுக்கொள்ள ஒரு தட்டில் இலைகளும் வந்தன. ஆவி பறந்தது. அக்கா கரண்டியை எடுத்தாள்.

போன் அடித்தது.

யார் கூப்பிடுகிறார்கள் என்று அக்கா போனைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், வார்டுதான். அங்கே ஆள் குறைந்தால் முதலில் இவளைத்தான் கூப்பிடுவார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள் என்று ஊருக்கே தெரியும். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து கடைக்கு வெளியே போனாள். ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலை ஆடுவது தெரிந்தது. ம்ம், ம்ம் என்று ஆடுகிறது. வாத்தியாருக்கு நேர்ந்த கதிதான் இவருக்கும். இந்தத் தடவையோடு சரி. இனி டிவி பேசும், அக்கா துணி துவைப்பாள்.

லிப்ட்காரர் கதவைப் பார்த்தார். அக்காவின் சூப்பைப் பார்த்தார். இலை வைத்திருந்த தட்டில் மிச்சமிருந்ததைத் தன் தட்டுக்குத் தள்ளினார். அந்தத் தட்டைக் காகிதத்தால் முன்னும் பின்னும் துடைத்தார். தன் வழக்கமான நிதானத்தில்தான். துடைத்துவிட்டு, அதை அக்காவின் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து மூடினார். தன் கரண்டியையும் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

அக்கா உள்ளே வந்தாள். உட்காரவில்லை. நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வார்டுல ஒருத்தங்க வரலையாம். என்னால வர முடியுமான்னு கேக்கறாங்க..."

"போயிட்டு வாங்க. அங்க வலியில இருக்கறவங்க காத்திருக்க முடியாதுல்ல," என்றார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது.

அக்கா திரும்பினாள். அப்போதுதான் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இதை யாரு மூடினது?"

"நான்தாங்க. நீங்க பேசிட்டு வர்றதுக்குள்ள ஆறிடுமேன்னு."

அக்கா தட்டைத் தூக்கினாள். உள்ளே அடைந்திருந்த ஆவி அவள் முகத்தில் அடித்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எத்தனை வருஷமாக எத்தனை சாப்பாட்டைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள்! திரும்பி வரும்போது சூடாக இருக்கட்டும் என்று ஒருவரும் மூடி வைத்ததில்லை. என் மனைவி வெட்கத்தை விட்டுத் திரும்பி உட்கார்ந்து நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா போனை எடுத்தாள்.

"அம்மாடி, நான்தான். நான் வரல... இல்லம்மா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்... ஐயோ, யாருக்கும் ஒண்ணும் ஆகலடி! சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அவ்வளவுதான்... ஆமா, சாப்பாடுதான். மேல் மாடி சிஸ்டரைக் கூப்பிடு, அவ இந்த வாரம் கூடுதல் டியூட்டி கேட்டுட்டு இருந்தா."

கைப்பையை நாற்காலியில் மாட்டினாள். உட்கார்ந்தாள். ஒரு கரண்டி சூப் குடித்தாள். "நல்லா இருக்கு," என்றாள். அவரும் கரண்டியை எடுத்தார். அவர் ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள், சொல்லச் சொல்லக் கையில் பிடித்த கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவிலேயே நின்றது. எனக்கு எழுந்து நின்று விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. என் மனைவி என் கையைக் கெட்டியாகப் பிடித்து அடக்கி வைத்தாள்.

நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். கை கழுவினோம். வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுற்றியிருந்த மேசைகளில் ஆட்கள் எழுந்து வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். அங்கே பேச்சு நிற்கிற வழியாக இல்லை. கடைசியில் நானே எழுந்து போய், பவ்யமாக, "அக்கா, டாக்சி சொல்லட்டுமா? கிளம்பலாமா?" என்று கேட்டேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இவன் இன்னும் இங்கேயா இருக்கிறான் என்கிற பார்வை.

"நீங்க போங்கடா. எங்களுக்குக் காபி வரணும்."

லிப்ட்காரர் பாவம், பொய் தெரியாத மனிதர். "நாம காபி சொல்லவே இல்லையேங்க?" என்றார்.

"இனிமேதான் சொல்லணும்," என்றாள் அக்கா.